தானே ஓடும் வண்டியில் மாமல்லபுரத்துக்கு

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரத்தைக் கடந்து, வண்டலூர்க் குன்றுப் பகுதியைத் தாண்டிச் சற்றுத் தொலைவு ஓடியதும் ஊரப்பாக்கத்தை அடைகின்றது. சாலைக்குத் துணையாக இருப்புப்பாதையும் உடன் வருகின்றது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயில்கள் இவ்வூரில் நின்று, காலையில் ஒரு கூட்டத்தை ஏற்றிச் சென்று, மாலையில் அதே கூட்டத்தைக் களைப்போடு இறக்கி விடுகின்றன. ஏரியும் வயலும் தோப்புமாய் இருந்த சிற்றூர் இது என்று முதியோர் சொல்வர். இன்றோ, பார்க்கும் திசையெல்லாம் வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தென் மாவட்டங்களுக்குச் செல்வோர்க்கெல்லாம் ஊரப்பாக்கம் சென்னையின் வாயிற்படியை ஒட்டிய ஊராகி விட்டது.

இவ்வூர் அமைந்துள்ள செங்கற்பட்டு மாவட்டம் கார்கள் செய்யும் மாவட்டமும் ஆகும். இதே சாலையில் இன்னும் தெற்கே சென்றால் வரும் மறைமலைநகரில், ஃபோர்டு நிறுவனத்தின் ஆலை 2022 வரை கார்களைச் செய்து வந்தது. அதற்கும் அப்பால், சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்து, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆலை 2007 முதல் இயங்கி வருகின்றது. கார் செய்யும் ஊர்களைச் சுற்றி வாழ்வோர் கார் வாங்குவதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் மிதிவண்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்த சந்துகளில் இன்று வீட்டுக்கு ஒரு கார் நிற்கக் காண்கின்றோம்.

புதிய வண்டி வாங்கியவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அதனை ஆலய முற்றத்தில் நிறுத்தி, மந்திரித்துத் தருமாறு கேட்பது நம் குடும்பங்களின் வழக்கம். அண்மைக் காலமாக அவ்வண்டிகளின் கதவைத் திறந்து தீர்த்தம் தெளிக்கும்போது, ஓட்டுநரின் காலடியில் மூன்று பெடல்களுக்குப் பதிலாக இரண்டே இருப்பதைப் பல முறை கண்டிருக்கின்றோம். கிளட்ச் மறைந்து விட்டது. இடக்காலுக்கு வேலை இல்லை. இடக்கைக்கு ஓயாமல் கியர் மாற்றும் தொல்லையும் இல்லை. ‘ஆட்டோமேட்டிக் வண்டி’ என்று மக்கள் வழங்கும் இவ்வண்டி, முழங்கால் நோவால் வருந்தும் முதியோர்க்கும், புதிதாக ஓட்டக் கற்போர்க்கும் பேருதவி செய்கின்றது. முன்பு செல்வர் வீட்டுப் பொருளாய் இருந்த இவ்வசதி, 2014இல் மாருதி நிறுவனம் செலேரியோ என்னும் சிறிய காரில் குறைந்த விலையில் இதனைத் தந்தது முதல், நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது.

ஆனால், பெயரைக் கேட்டு மயங்குவோரும் உளர். தானியங்கி என்றால் எல்லாம் தானே நடக்கும் என்று அவர்கள் எண்ணி விடுகின்றனர். இவ்வண்டி தானே கியர் மாற்றும். விட்டால் தானே ஊர்ந்தும் செல்லும். ஆனால் தானே நில்லாது. நிறுத்துவதும், நிறுத்திய இடத்தில் நிலைக்கச் செய்வதும் ஓட்டுபவரின் பொறுப்பே. இவ்வுண்மையை ஒரு நாள் பயணத்தில் கண்ணெதிரே கண்டோம். அப்பயணத்தைப் பற்றியே வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வாயிற்கதவருகே

ஊரப்பாக்கத்துக் குடும்பம் ஒன்று, கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்தில் செபித்து, அப்படியே மாமல்லபுரமும் கண்டு வரப் புறப்பட்டபோது நம்மையும் உடன் வருமாறு அழைத்தது. குடும்பத் தலைவர் அறுபத்தெட்டு வயதினர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகியவர். முழங்கால் வலியால் கிளட்சை மிதிக்க இயலாமற் போகவே, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் அவருக்குத் தானியங்கி வண்டி ஒன்றை வாங்கித் தந்திருந்தார். வண்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. மருமகளும் ஆறு வயதுப் பேரனும் பயணத்துக்கு ஆயத்தமாய் நின்றனர்.

மழைக்காலத்தில் வெள்ளம் புகாதிருக்க, வீட்டுத் தரையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுவது இப்பகுதியின் வழக்கம். அதனால் பல வீட்டு வாயில்களிலும் தெருவை நோக்கிய ஒரு சரிவு உண்டு. பெரியவர் வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். பின்சக்கரங்கள் தெருவுக்கு வந்து விட்டன. முன்சக்கரங்கள் இன்னும் சரிவில் இருந்தன. வாயிற்கதவைச் சாத்த வேண்டுமென்று, கியர்க் கோலை ‘என்’ என்னும் எழுத்துக்குத் தள்ளிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே இறங்கினார். அவர் இரண்டடி வைப்பதற்குள் வண்டி ஓசையின்றிப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. தெருவில் காத்திருந்த சிறுவன் அதன் நேர் பின்னே நின்றான். தாய் அலறிக்கொண்டு பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி அவன் நின்ற இடத்தைக் கடந்து, எதிர்வீட்டுக் கால்வாய் மூடியின் விளிம்பில் முட்டி நின்றது.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பெரியவரின் கைகள் நடுங்கின.

“முப்பத்தைந்து வருஷமா நியூட்ரலில் விட்டுவிட்டுத்தான் சாமி, இறங்கிக் கதவைச் சாத்துவேன். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை” என்றார்.

மருமகள் மகனை அணைத்தவாறே மெல்லக் கேட்டாள்: “பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தானே மாமா இறங்குவீர்கள்?”

“ஆமாம்மா, இழுப்பேன். இதில்தான் எல்லாம் தானாக நடக்குமே என்று...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

வாசகர்களே, இச்சொற்களிலேயே விபத்தின் வேர் இருக்கின்றது. பழைய வண்டியில் இருந்த எச்சரிக்கை, புதிய வண்டியில் தளர்ந்து விடுகின்றது. ‘என்’ என்பது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்து விடுவது. சரிவில் அவ்வாறு விடப்பட்ட கார் உருளைக்கல்லுக்குச் சமம். அவர் கோலை ‘ஆர்’ என்னும் பின்செலவு எழுத்திலேயே விட்டு இறங்கியிருந்தால் இன்னும் கேடு; எஞ்சினே வண்டியைச் சிறுவன் மீது தள்ளியிருக்கும். கதவைச் சாத்த அரை நிமிடம் இறங்கினாலும், காலால் பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கோலைப் ‘பி’க்குக் கொண்டு வந்து, எஞ்சினை அணைத்து, அதன் பின்னரே பிரேக்கிலிருந்து காலை எடுத்து இறங்குதல் வேண்டும். இதற்கு ஆகும் நேரம் பத்து வினாடி. அதனினும் நன்று, கதவைத் திறக்கவும் சாத்தவும் மற்றொருவரை அனுப்புவது. வண்டி பின்னோக்கி வரும்போது குழந்தைகள் வீட்டுக்குள்ளோ பெரியவர் ஒருவரின் கைப்பிடியிலோ இருத்தல் வேண்டும். பின்னால் பார்க்கும் கேமரா எல்லாவற்றையும் காட்டும் என்று நம்பி இருத்தலும் கூடாது.

எண்ணெயில் சுழலும் விசிறிகள்

சிறிது நேரம் கழித்து, தண்ணீர் அருந்தி, மனத்தைத் தேற்றிக்கொண்டு புறப்பட்டோம். பெரியவரே ஓட்டினார், மருமகள் அருகில் அமர்ந்தாள். அவள் இத்தகைய வண்டியைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருபவள். வண்டலூரை நோக்கிச் சென்ற சாலையில் காலை நெரிசல் கடுமையாய் இருந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னே ஊர்ந்தது. அது ஏன் என்று சிறுவன் கேட்டான்.

மேசை மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அதன் காற்றால் மற்றொன்றும் மெல்லச் சுழல்வதைக் காணலாம். தானியங்கி வண்டிகள் பலவற்றின் உட்பொருள் ஏறத்தாழ இதுவே. காற்றுக்குப் பதிலாக எண்ணெய் நிறைந்த கூட்டுக்குள் இரு விசிறிகள் உள்ளன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, எண்ணெயின் வேகம் மற்றொன்றைச் சுழற்றிச் சக்கரங்களுக்கு ஆற்றலை அனுப்புகின்றது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் கப்பல்களுக்கென இம்முறையைக் கண்டு 1905இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ‘ஹைட்ராமேட்டிக்’ என்னும் தானியங்கி கியர்ப்பெட்டியை வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் விசிறி சுழல்வது நிற்பதில்லை. ஆகவே கோல் ‘டி’ என்னும் எழுத்தில் இருக்கும்வரை வண்டி முன்னேறவே முயல்கின்றது. நம் சிறிய கார்களில் உள்ள ஏ.எம்.டி. என்னும் வகையில் இவ்வெண்ணெய் விசிறிகள் இல்லை. அதில் கிளட்ச் உண்டு, அதனை நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகின்றது. எனினும் அவ்வகை வண்டிகளிலும் பல, பிரேக்கை விட்டவுடன் ஊர்ந்து செல்லும் வண்ணமே அமைக்கப்பட்டுள்ளன. எவ்வகையாயினும் பாடம் ஒன்றே: கால் பிரேக்கில் இல்லாவிடில் வண்டி நிற்கவில்லை என்றே கொள்ள வேண்டும். சாலைச் சந்திப்பில் நிற்கும்போது கைபேசியை நோக்கிக் குனிகையில் பிரேக்கின் மேலுள்ள கால் தளர்ந்து, முன்னால் நிற்கும் இருசக்கர வண்டியை இடிப்பவர் உண்டு. நெடுநேரம் நிற்க நேரின், ஹேண்ட் பிரேக்கை இழுத்து ‘என்’னில் வைத்தல் நன்று.

வலக்கால் ஒன்றே

வண்டலூர்ச் சந்திப்பை நெருங்கியபோது வண்டி திடுமெனக் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர் ஹாரனை அலற விட்டார். நடந்தது இதுதான்: வேகம் குறைந்ததும், பழக்கத்தால் பெரியவரின் இடக்கால் கிளட்சைத் தேடி முழு வலுவோடு மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. அகன்ற பிரேக் பெடலே இருந்தது.

“இடக்காலை உள்ளே இழுத்துத் தரையில் வைத்துவிடுங்கள், மாமா. அதற்கு இந்த வண்டியில் வேலையே இல்லை” என்றாள் மருமகள்.

இது முதல் விதி. முடுக்குவதும் நிறுத்துவதும் வலக்கால் ஒன்றே செய்தல் வேண்டும். குதிகாலைப் பிரேக்கின் நேரே தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்குமாகத் திருப்பப் பழகினால் பெடல் மாறுவது அரிதாகும். ஒரு கால் ஒன்றிலும், மறு கால் மற்றொன்றிலும் இருப்பின், அதிர்ச்சி நேரும்போது இரண்டும் சேர்ந்தே அழுந்தும்.

பெடல் மாறுவது சிறு பிழையன்று. 2003ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அமெரிக்காவின் சாந்தா மோனிகா நகரில், காய்கறிச் சந்தை கூடியிருந்த தெருவுக்குள் எண்பத்தாறு வயது முதியவர் ஒருவரின் கார் பாய்ந்தது. பத்துப் பேர் உயிரிழந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பிரேக்கென்று எண்ணி அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததே காரணம் என விசாரணையாளர் முடிவு செய்தனர். இத்தகைய நிலையில் வண்டி வேகம் கொள்ளக் கொள்ள, மிதித்திருப்பது பிரேக்கே என்று நம்பும் கால் மேலும் அழுத்துகின்றது. கிளட்ச் உள்ள வண்டியாயின் இடக்கால் தானே அதனை மிதித்து ஆற்றலைத் துண்டித்திருக்கும். தானியங்கியில் அந்தக் காவல் இல்லை. ஆகவே வண்டி எதிர்பாராமல் பாய்ந்தால், முதலில் இரு கால்களையும் முழுதாக மேலே எடுத்துவிட்டு, அதன் பின் பிரேக்கைத் தேடி மிதிக்குமாறு மனத்தைப் பழக்க வேண்டும்.

1980களில் ஆடி நிறுவனத்தின் ஒரு வகைக் கார்கள் தாமே பாய்கின்றன என்று அமெரிக்காவில் பெருங்கூச்சல் எழுந்தது. அரசின் ஆய்வறிக்கை 1989இல் வெளிவந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை பெடல் மாறியதால் நேர்ந்தவை என்று கூறியது. அக்காலத்தில் வந்த ஒரு நல்ல ஏற்பாடு இன்று நம் வண்டிகளிலும் உண்டு: பிரேக்கை மிதித்தாலன்றிக் கோல் ‘பி’யை விட்டு நகராது. அதனைத் தொல்லையாகக் கருதலாகாது. பிள்ளைகள் விளையாட்டாகக் கோலை அசைத்தாலும் வண்டி நகராதிருப்பது அதனாலேயே.

காலடியில் கவனிக்க வேண்டிய சிறு பொருள்களும் உண்டு. நழுவும் ரப்பர்ச் செருப்பு, இருக்கையின் கீழ் உருளும் தண்ணீர்ப் போத்தல், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட கால்மிதி ஆகியவை பெடலின் கீழ்ச் சிக்கினால் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும் செய்வதற்கொன்றுமில்லை.

கேளம்பாக்கம் சாலையில்

வண்டலூரில் கிழக்கே திரும்பிக் கேளம்பாக்கம் சாலையில் சென்றோம். மாம்பாக்கம் கடந்து, புதுப்பாக்கத்துக் குன்றும் அதன்மேல் ஆஞ்சநேயர் கோயிலும் கண்ணுக்குப் புலப்பட்டன. குன்றைக் கண்டதும் பேச்சு மலைப்பாதைகளின் பக்கம் திரும்பியது. கோடை விடுமுறையில் ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் குடும்பங்கள் நம்மில் பல.

மலை இறங்கும்போது எரிபொருள் மிச்சமாகும் என்று கோலை ‘என்’னில் வைத்து உருள விடுதல் பெருந்தவறு. எஞ்சினின் பிடிப்பு அறவே நீங்கி, முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். ஓயாது அழுத்தப்படும் பிரேக் சூடேறித் தன் வலுவை இழக்கும். ‘எல்’ என்றோ ‘2’ என்றோ குறிக்கப்பட்ட தாழ்ந்த கியரிலோ, கையால் கியர் மாற்றும் நிலையிலோ வைத்து இறங்கினால், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஏற்றத்தில் நிற்கும்போது, வண்டி பின்வாங்காதிருக்க ஆக்ஸிலரேட்டரை இலேசாக மிதித்தபடி நிற்பதும் ஆகாது, ஏ.எம்.டி. வண்டியில் உள்ளிருக்கும் கிளட்ச் தேய்ந்து கருகி விடும். நிற்பதற்குப் பிரேக்கே உரியது.

கோவளத்தில்

கோவளத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆலயத்தில் செபித்துவிட்டு வெளியே வந்தபோது, அருகில் வண்டியை நிறுத்திய இளைஞர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு, “எங்கள் வண்டியில் பி என்னும் எழுத்தே இல்லையே, ஃபாதர். அப்படியானால் என்ன செய்வது?” என்று வினவினார். அவருடையது ஏ.எம்.டி. வண்டி. நல்ல கேள்வி, பலர்க்கும் உள்ள ஐயம்.

‘பி’ என்னும் நிலை உள்ள வண்டியில், கோலை அங்கே கொண்டு வந்ததும் கியர்ப்பெட்டிக்குள் சிறியதொரு இரும்புக் கொக்கி இறங்கி, பல்லுள்ள சக்கரமொன்றின் பள்ளத்தில் பொருந்திப் பூட்டிக் கொள்கின்றது. வண்டி ஓடும்போது ‘பி’யில் தள்ளினால் கொக்கி பற்களின்மேல் தட்டித் தட்டித் தெறிக்கும், உடையவும் கூடும். எனவே வண்டி முற்றும் நின்ற பின்னரே ‘பி’. ஏ.எம்.டி. வண்டிகளில் பொதுவாக இக்கொக்கி இல்லை. அவற்றில் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை நன்கு இழுத்து, கோலை ‘என்’னில் விடாமல் ஓடும் கியரிலேயே வைத்து எஞ்சினை அணைக்க வேண்டும்; எஞ்சினின் பிடிப்பு அப்போது துணை நிற்கும். அவரவர் வண்டியோடு தரப்பட்ட கையேட்டில் இதற்குரிய முறை எழுதப்பட்டிருக்கும். கையேட்டை உறை பிரிக்காமலே வைத்திருப்போர், இன்றே அந்தப் பக்கத்தைப் படித்தல் வேண்டும்.

‘பி’ உள்ள வண்டியிலும், கோல் உண்மையில் அவ்வெழுத்துக்கு வந்ததா என்று கண்ணால் பார்த்தல் அவசியம். 2016ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அன்டன் எல்சின் என்னும் இருபத்தேழு வயது நடிகர், தம் வீட்டுச் சரிவில் தாம் நிறுத்திய ஜீப் வண்டியே பின்னோக்கி உருண்டு வந்து வாயில் தூணோடு நசுக்கியதால் உயிரிழந்தார். அவ்வகை வண்டியின் கோல், எந்நிலையில் வைத்தாலும் மீண்டும் நடுவுக்கே திரும்பி விடும். ‘பி’யில் வைத்தோமா என்று கை உணர இயலாது. அக்குழப்பத்தின் காரணமாக அந்நிறுவனம் அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே ஏறத்தாழ 11 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைத்திருந்தது. நம் நாட்டிலும் கோலுக்குப் பதிலாகப் பொத்தானும் திருகும் வைத்த வண்டிகள் வருகின்றன. மின்சார வண்டிகளோ நிற்கும்போது ஓசையே எழுப்புவதில்லை. அணைந்ததா, உயிரோடு உள்ளதா என்று காது சொல்லாது. கண்ணாலேயே எழுத்தைப் பார்த்தல் வேண்டும்.

மரநிழலில் நின்ற வண்டியில் பேரனை உட்கார வைத்துவிட்டுத் தேநீர் அருந்தி வரலாமா என்று பெரியவர் கேட்டார். மருமகள் உடன்படவில்லை, அவள் செய்தது சரியே. மூடிய கார் நம் கடற்கரை வெயிலில் சில நிமிடங்களில் அடுப்பாகி விடும். ஏ.சி. ஓடட்டும் என்று எஞ்சினை ஓட விட்டுக் குழந்தையைத் தனியே விடுதல் அதனினும் கொடிது.

வெண்ணெய் உருண்டையின் பாடம்

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். திருவிடந்தை, முதலைப் பண்ணை உள்ள வடநெம்மேலி, புலிக்குகை விளங்கும் சாளுவன்குப்பம் ஆகியவற்றைக் கடந்து மாமல்லபுரம் சேர்ந்தோம். பல்லவர் செதுக்கிய குகைகளும், கடற்கரைக் கோயிலும், அர்ச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பமும் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக விளங்குகின்றன. ஆயினும் அன்று நம் கண்களைக் கட்டிப் போட்டது, உளி படாத ஒரு பாறையே. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று மக்கள் அழைக்கும் அது, ஏறத்தாழ இருபதடி உயரமும் 250 டன் எடையும் உடையதென மதிப்பிடப்படுகின்றது. வழுக்குப் பாறைச் சரிவொன்றின் மேல், சிறியதோர் அடிப்பரப்பில் பல நூற்றாண்டுகளாக அது அசையாது நிற்கின்றது. 1908இல் ஆளுநர் லாலி யானைகளைக் கட்டி இழுக்கச் செய்தும் அது நகரவில்லை என்றொரு கதையும் வழங்குகின்றது.

பெரியவர் அதனை நெடுநேரம் பார்த்தார். “இவ்வளவு பெரிய கல் பிரேக் இல்லாமல் நிற்கிறது. என் வண்டி ஒரு முழச் சரிவில் ஓடிவிட்டதே, சாமி” என்றார்.

கல்லுக்குச் சக்கரம் இல்லை; உராய்வு ஒன்றே அதனைப் பற்றி நிற்கப் போதுமானது. சக்கரம் என்பதே உராய்வை வெல்வதற்காக மனிதன் கண்ட பொருள். சக்கரத்தை வைத்தவன், அதனைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இதனை நம் முன்னோர் நன்கறிவர். தேர் இழுக்கும்போது ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு ஓடும் சிலரே தேரின் உயிர்நாடி. அவர்கள் கட்டையை இட்டால்தான் தேர் நிற்கும். தானியங்கி வண்டியின் முட்டுக்கட்டை நம் கையில் உள்ள ஹேண்ட் பிரேக்.

சரிவில் நிறுத்தும் முறையை அன்று பெரியவர் தாமே செய்து பார்த்தார். வண்டியை நிறுத்திப் பிரேக்கை மிதித்தபடியே கோலை ‘என்’னில் வைத்தார். ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்தார். பிறகு காலை மெல்லத் தளர்த்தி, வண்டியின் பாரம் ஹேண்ட் பிரேக்கின்மேல் தங்குமாறு செய்தார். மீண்டும் பிரேக்கை மிதித்துப் ‘பி’யில் வைத்து எஞ்சினை அணைத்தார். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. ஹேண்ட் பிரேக் இல்லாமல் ‘பி’யில் மட்டும் விட்டால், வண்டியின் பாரமெல்லாம் அந்தச் சிறு கொக்கியின்மேல் தொங்கும், மீண்டும் எடுக்கும்போது கோல் சிக்கிக்கொண்டு ‘டக்’கென்று ஒலித்துத் துள்ளும். புறப்படும்போது வரிசை தலைகீழ்: பிரேக்கை மிதித்து எஞ்சினை இயக்கி, ‘பி’யிலிருந்து கோலை எடுத்த பின்னரே ஹேண்ட் பிரேக்கை விடுதல் வேண்டும்.

நடைமேடை விளிம்பில்லாத நம் சாலைகளில், ஏற்றமாயினும் இறக்கமாயினும், முன்சக்கரங்களை இடப்புறமாகத் திருப்பி நிறுத்தினால், தப்பித்தவறி உருண்டாலும் வண்டி சாலையின் நடுவுக்குப் போகாமல் ஓரத்துக்கே போகும். பெரியவர் அத்தோடு நிற்கவில்லை. லாரி ஓட்டுநர்களைப் போல ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து, சக்கரத்தின் அடியில் வைத்தார். எவரும் சிரிக்கவில்லை. புறப்படும்போது அக்கல்லைச் சாலையில் விடாது ஓரத்தில் போடுமாறு பேரனுக்குச் சொன்னார்.

இது நல்லறிவு மட்டுமன்று, சட்டமுமாகும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 126ஆம் பிரிவில், ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் ஒருவர் இருந்தாலன்றி, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கிட்டு, வண்டி தற்செயலாக நகர இயலாதவாறு செய்யாமல் அதனைப் பொது இடத்தில் விடலாகாது என்று விதிக்கின்றது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைத் தருவோர்க்கும் ஒரு சொல்: கிளட்ச் இல்லை, எளிதாயிற்றே என்று பலர் தருகின்றனர். 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அப்பிள்ளை செய்யும் குற்றத்துக்குப் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும்.

இல்லந்தோறும்

மழைக்காலத்தைப் பற்றியும் ஒன்று கூறி முடிப்போம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் இப்பகுதி மக்கள் மறந்திலர். நீரில் நின்றுபோன தானியங்கி வண்டியைத் தள்ளி இயக்க முயலுதல் வேண்டா. அது பெரும்பாலும் இயங்காது. ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி நெடுந்தொலைவு இழுத்தலும் கூடாது. எண்ணெய் விசிறி வகையில், எஞ்சின் ஓடினால்தான் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். எஞ்சின் நின்றிருக்க இழுத்தால் உள்ளுறுப்புகள் வறண்டு தேய்ந்து விடும். வண்டியை முழுதாகத் தூக்கிச் செல்லும் ஊர்தியை வரவழைத்தலே முறை.

குடும்பத் தலைவர்களே, புதிய வண்டி வந்த வாரத்தில் அதனைச் சுற்றம் காணச் சாலையில் ஓட்டுமுன், ஆளரவமற்ற வெளியிடம் ஒன்றில் அரை நாள் பழகுங்கள். இடக்காலை அசையாது வைக்கவும், சரிவில் நிறுத்தவும், பின்னோக்கி மெல்ல எடுக்கவும் பழகுங்கள். முப்பதாண்டு அனுபவம் உள்ளவருக்கே இப்பழக்கம் மிகத் தேவை. ஏனெனில் கால் தன் பழைய வழக்கத்தை எளிதில் மறப்பதில்லை. இளையோர் திருத்தினால் முதியோர் சினங்கொள்ள வேண்டா. இளையோரும் இகழ்ச்சியின்றி, அந்த மருமகளைப் போல் தன்மையாக எடுத்துச் சொல்வாராக.

வண்டி நமக்காக எத்தனையோ வேலைகளைச் செய்ய முன்வந்திருக்கின்றது. நாம் செய்ய வேண்டியதாக எஞ்சியிருப்பது சிறிதே: காலைப் பிரேக்கில் வைப்பது, கையால் ஹேண்ட் பிரேக்கை இழுப்பது, கண்ணால் எழுத்தைப் பார்ப்பது, இறங்குமுன் வண்டியின் முன்னும் பின்னும் யார் நிற்கின்றார் என்று நோக்குவது. அச்சிறிதையும் வண்டியின்மேல் சுமத்தாதிருப்போமாக. வாயிற்கதவருகே நிற்கும் குழந்தைக்கு நாம் தரும் காவல் அதுவே.